கிஃப்ட்டா வந்த கேம் ஓடலையா? உறையைக் கிழிக்கும் முன் இதைப் படிங்க!

துபாயிலிருந்து வந்த மாமா ஆசையாக ஒரு கேம் டிஸ்க்கை நீட்டுவார். அடுத்த நொடியே பிளாஸ்டிக் உறையைக் கிழித்திருப்போம். உள்ளே போட்டால்... ம்ஹூம்! பல நேரம் பொருளில் கோளாறே இருக்காது. நம்மிடம் இருக்கும் சாதனத்துக்கும் அதுக்கும் ஜோடி சேரலை, அவ்வளவுதான். ஆனா, உறை கிழிஞ்ச பிறகு கடையில் மாற்றுவது குதிரைக்கொம்பு.

முதலில் பிளேஸ்டேஷன். பிஎஸ்4 டிஸ்க்குகளில் பெரும்பாலானவை பிஎஸ்5-ல் ஓடும். உல்டாவா நடக்காது. டிஜிட்டல் எடிஷன் வெச்சிருக்கீங்களா? அதில் டிஸ்க் போட இடமே கிடையாது. 2023-ல் வந்த ஸ்லிம் மாடல் என்றால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். 2020 டிஜிட்டல் மாடலுக்கு அந்த வழியும் இல்லை. இன்னொரு ஷாக்... சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் பிஎஸ்5-ல் நேரடியாகச் சேராது. கன்ட்ரோலரில் இருக்கும் ஓட்டையில் வயர் ஹெட்போனைச் சொருகினால் வேலை முடிஞ்சது.

லேப்டாப் கேம் என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் உங்கள் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் எல்லாம் தெரியும். அதை கேம் கேட்கும் 'மினிமம்' பட்டியலோடு ஒப்பிடுங்க. மினிமம் என்றால் ஏதோ ஓடும் என்று அர்த்தம். சொகுசா ஓடும் என்றல்ல. பழைய ஹார்டு டிஸ்க்கும் காலை வாரும். 'சைபர்பங்க் 2077', 2023-ன் 2.0 அப்டேட்டிலிருந்து எஸ்எஸ்டி கேட்கிறது.

வாட்ச்சில்தான் மனசு ரொம்ப வலிக்கும். ஆப்பிள் வாட்ச், ஆண்ட்ராய்டு போனோடு சேரவே சேராது. கேலக்ஸி வாட்ச் 4-லிருந்து வந்த மாடல்கள் ஐபோனோடு சேராது. எந்த ஆப் போட்டாலும் இது மாறாது. யூடியூபைப் பார்த்து ராத்திரி முழுக்க மல்லுக்கட்டாதீங்க. அமெரிக்காவில் வாங்கிய பிளேஸ்டேஷன் கிஃப்ட் கார்டும் இப்படித்தான், இந்திய அக்கவுன்ட்டில் ஏறாது.

ஸ்டீமில் வந்த கிஃப்ட் மட்டும் கொஞ்சம் நிம்மதி. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஏற்றுக்கொண்ட கிஃப்ட் என்றால் நீங்கதான் கேட்கணும். ஆனா, பணம் போவது வாங்கித் தந்தவருக்கு! அதனால், பட்டனைத் தட்டும் முன் மாமாவுக்கு ஒரு போன் போட்டுடுங்க.