ஜீப்பின் அச்சும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

ஆரணியில் இன்றைக்கும் பழைய மகிந்திரா ஜீப்பைத் தேடிப்பிடித்து வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயிண்ட் பார்க்கிறார்கள், டயர் பார்க்கிறார்கள், எஞ்சின் சத்தம் கேட்கிறார்கள். குனிந்து அச்சைப் பார்ப்பவர் குறைவு. அந்த வண்டியின் சரித்திரமும், நம் உயிரைக் காக்கும் விஷயமும் அங்கேதான் இருக்கின்றன.

மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அச்சு அசையாது, கடையாணிக்கு உள்ளே இரண்டு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றும். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும். எஞ்சினே சக்கரத்தைச் சுற்றும் வண்டியில் இது எப்படி முடியும்? விடை சொன்னவர் ஒனெசிஃபோர் பெக்கூர். பாரிஸ் தொழிற்கலைக் கழகத்தில் பட்டறையைக் கவனித்தவர். 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக ஒரு பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'திஃபெரான்சியேல்' என்றுதான் கற்றேன். ஆரணிக்கு வந்த பிறகு நம் மெக்கானிக்குகள் வாயில் அது 'டிப்ரன்சியல்' ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்தன. 1947ல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. முதல் தொகுதி 75 வண்டிகள். பிறகு உயர்ந்த பானெட் வைத்த சி.ஜே. 3பி வந்தது. அமெரிக்காவில் அதை 1968ல் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதன் வம்சம் நெடுநாள் ஓடியது. மூக்கில்லாத எஃப்.சி. 150 பிக்கப்பும் அதே குடும்பம்தான். 1979ல் பிரான்சின் பெழோ நிறுவனத்தோடு டீசல் எஞ்சினுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. இப்படி பிரான்சு நம் ஜீப்புக்குள் இரண்டாம் தடவை நுழைந்தது.

பெக்கூர் அமைப்பில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுழன்றால், மண்ணைப் பிடித்து நிற்கும் மற்றதுக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் என்றாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுழன்றால் வண்டி நகராது.

1984 டிசம்பர் தேர்தலில் ஜவ்வாது மலையிலிருந்து வாக்குப்பெட்டிகளோடு இறங்கினோம். வாய்க்கால் ஓரத்தில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் சுற்ற, வலப்பக்கம் இரண்டும் கற்சிலை போல் நின்றன. இருட்டில் பெட்டிகளுக்குக் காவல் நாங்கள் நாலு பேர். ஓட்டுநர் அண்ணன், "சார், பலமில்லாத காலுக்குத்தான் இது சோறு போடும்" என்றார். கல்லும் தழையும் இட்டு, ஊர்க்காரர்கள் தள்ளி, இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பினோம்.

இந்தக் குறைக்கு மருந்துதான் 'லிமிடெட் ஸ்லிப்' என்பது. 1930களில் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பந்தயக் கார்களுக்குச் செய்தது. 1956ல் அமெரிக்க பேக்கார்டு கார்களில் வந்தது. உள்ளே தகடுகள் ஒன்றையொன்று அழுத்தும். பாவுக் கட்டையில் கயிறு சுற்றி எடை தொங்கவிட்ட தறியை நினைத்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் பிடிக்கும். ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றதுக்குப் பலம் போகும். நான் பழகிய அலுவலக ஜீப்புகள் எதிலும் இது இல்லை.

வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்? சி.ஜே. 3பியில் அச்சின் உருண்டைப் பகுதி நடுவில் இராது. முன்னும் பின்னும் வலப்பக்கம் தள்ளி இருக்கும். அதன் மூடியின் போல்ட்டில் சிறு தகடு மிஞ்சியிருந்தால் அதில் பல் கணக்கு இருக்கும். 43, 8 என்றால் விகிதம் 5.38. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே விகிதம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததைப் பூட்டி இரண்டும் வேறாகிவிட்டால், கெட்டியான சாலையில் நான்கு சக்கர இழுவை போட்டதும் ஒன்றையொன்று முறுக்கி உடைக்கும்.

பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் அநேகமாகச் சாதா. சுற்ற மறுத்தால் லிமிடெட் ஸ்லிப்பாக இருக்கலாம். அதற்குத் தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த வகையில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினால் சுழலவிடக் கூடாது. தரையிலுள்ள சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

சாதா வகையிலும் ஆபத்து உண்டு. இந்த ஜீப்புகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல் வழிவிட்டு, வண்டி உருளும். பஞ்சர் போட அடியில் குனிந்தவன் மேல் ஏறும். பேரன் ஜீப் வாங்கினால் முதலில் நல்ல கனமான இரண்டு மரக்கட்டைகளை வாங்கிக் கொடுங்கள். ஜாக்கி போடுமுன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அவற்றை அண்டை கொடுக்கட்டும்.