விலா எலும்பில் பதிந்த பாட்டு

உங்க வீட்டு பீரோ மேலயோ மெத்தைக்கு அடியிலயோ ஒரு பழைய எக்ஸ்ரே கவர் கிடக்கும். தாத்தாவோட நெஞ்சு எக்ஸ்ரே, தம்பி கீழே விழுந்தப்ப எடுத்த கை எக்ஸ்ரே, இப்படி ஏதாவது ஒண்ணு.

அந்த ஃபிலிமை கிராமஃபோனில் வைத்துப் பாட்டுக் கேட்க முடியுமா?

முடியும். ஒரு நாட்டில் பல வருஷம் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்காகச் சிலர் ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாங்க, முழுசா சொல்றேன்.

இடம்: சோவியத் யூனியனின் லெனின்கிராட் நகரம். இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

காலம்: இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 வாக்கில்.

நாஜிப் படைகளின் முற்றுகையில் லட்சக்கணக்கான பேர் பட்டினியால் செத்துப்போன நகரம் அது. போரில் இருந்து திரும்பியவர்கள் கையில் வெளிநாட்டு இசைத்தட்டுகள் வந்தன. துறைமுக நகரம் என்பதால் கப்பல் மாலுமிகள் வழியாகவும் வந்தன. ஜாஸ், டாங்கோ, ஃபாக்ஸ்டிராட் எல்லாம் அதில் இருந்தது.

ஆனா அரசாங்கத்துக்கு அந்த இசை பிடிக்கவில்லை. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி இசையைப் பற்றி ஒரு தீர்மானமே போட்டது. ஷோஸ்தகோவிச், புரோகோஃபியேவ் மாதிரி உலகப் புகழ்பெற்ற சொந்த நாட்டு இசையமைப்பாளர்களே அதில் கண்டிக்கப்பட்டார்கள். அவங்க நிலைமையே இப்படின்னா அமெரிக்க ஜாஸுக்கு என்ன மரியாதை கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு கொடுமையும் உண்டு. ரஷ்ய மொழியில் பாடியவர்களுக்கும் தடை இருந்தது. புரட்சிக்குப் பிறகு நாட்டுக்கு வெளியே இருந்து பாடியவர்கள் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம். பியோத்தர் லெஷ்சென்கோ என்ற டாங்கோ பாடகர் அவர்களில் ஒருவர். ருமேனியாவில் வாழ்ந்தார். அவர் குரலுக்கு சோவியத்தில் ஏங்கிக் கிடந்தார்கள், ஆனால் கடையில் அவர் தட்டு கிடைக்காது. 1951-ல் ருமேனியாவில் அவரைக் கைது செய்தார்கள். 1954-ல் சிறை மருத்துவமனையில் இறந்தார்.

சரி, எக்ஸ்ரே எங்கே வருது? இதோ வந்துட்டேன்.

அந்த நேரத்தில் லெனின்கிராடின் முக்கிய வீதியான நெவ்ஸ்கியில் ஸ்தானிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் ஒரு ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தார். போரில் கைப்பற்றி வந்த ஜெர்மானிய டெலிஃபுங்கன் பதிவு மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. நீங்க போய்ப் பேசினா உங்க குரலைத் தட்டில் பதிந்து தருவார். அதை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம். குரல் கடிதம். சட்டப்படி நடந்த தொழில்.

கடையைச் சாத்திய பிறகுதான் அசல் வியாபாரம். தடை செய்யப்பட்ட பாட்டுகளை அதே மெஷினில் நகல் எடுப்பார்கள்.

அந்தக் கடைக்கு வந்துபோன ருஸ்லான் பொகோஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர், மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கூர்ந்து கவனித்துக்கொண்டார். பிறகு அதே மாதிரி ஒன்றைத் தானே செய்துவிட்டார். கவிதை எழுதும் நண்பர் போரிஸ் தைகினையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்த ரகசியக் கம்பெனிக்கு "தங்க நாய்" என்று பெயர்.

மெஷின் ரெடி. பாட்டும் ரெடி. பதிவதற்குத் தட்டு வேணுமே? அந்தப் பொருள் வெளியே கிடைக்காது.

இங்கேதான் ஆஸ்பத்திரி உள்ளே வருகிறது.

ஒரு டாக்டரா இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்து எக்ஸ்ரே ஃபிலிம் சாதாரணப் பொருள் இல்லை. நைட்ரோசெல்லுலோஸ் என்ற ரசாயனத்தில் செய்தவை நிறைய இருந்தன. சூடு பட்டால் தானாகவே எரியும். எரியும்போது விஷவாயு வரும்.

1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் இப்படித்தான் பற்றிக்கொண்டன. 123 பேர் இறந்தார்கள். அந்த மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ஃபிலிப்ஸும் அதில் ஒருவர். தீக்காயத்தால் செத்தவர்களை விட வாயுவைச் சுவாசித்துச் செத்தவர்களே அதிகம். வெளியே நடந்து வந்து, நல்லா இருக்கேன்னு சொன்னவர்கள்கூடச் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எளிதில் எரியாத ஃபிலிமுக்கு மருத்துவமனைகள் வேகமாக மாறின.

பழைய ஃபிலிமைக் குவித்து வைப்பது ஆபத்து என்ற பயம் சோவியத் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது. குறிப்பிட்ட காலம் ஆனதும் கழித்துவிட வேண்டும். கழிக்கிற வேலை யாருக்குமே பிடிக்காத வேலை. அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து, "நான் எடுத்துக்கிறேன்"னு சொன்னா யார் வேண்டாம்னு சொல்லுவா? கொஞ்சம் காசு, இல்லைன்னா ஒரு பாட்டில் வோட்கா. மூட்டை கைமாறியது.

ஏன் எக்ஸ்ரே ஃபிலிம்? பதிவு ஊசி கோடு கீறும் அளவுக்கு அது மென்மையானது. கீறிய கோடு அழியாமல் நிற்கும் அளவுக்கு உறுதியானது. ரெண்டும் சேர்ந்து அமைவது கஷ்டம்.

செய்முறை இவ்வளவுதான். ஃபிலிமைக் கத்திரிக்கோலால் வட்டமா வெட்டணும். நடுவில் ஓட்டை போட சிகரெட் நெருப்பு. ஒரு பக்கம் அசல் தட்டு ஓடும், இன்னொரு பக்கம் ஊசி ஃபிலிமில் கீறிக்கொண்டே போகும். 3 நிமிஷப் பாட்டுக்கு 3 நிமிஷம் ஆகும். 100 நகல் வேணும்னா 100 தடவை ஓட்டணும். ஒரு பக்கம்தான் பாட்டு இருக்கும்.

தரம்? சுமார் என்று சொல்வதே பெருந்தன்மை. எண்ணெய்ச் சட்டியில் வெங்காயம் வதங்குகிற மாதிரி இரைச்சல். அதுக்குப் பின்னாடி எங்கேயோ ஒரு குரல். கொஞ்ச தடவை ஓட்டினால் அதுவும் தேய்ந்துவிடும்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருத்தருடைய விலா எலும்பு தெரியும். அல்லது மண்டையோடு, அல்லது கை. அதனால் மக்கள் வைத்த பெயர் "ரியோப்ரா". ரஷ்ய மொழியில் விலா எலும்புகள். போருக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் காசநோய் பெரும் பிரச்சினை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே குவிந்ததில் ஆச்சரியம் இல்லை. இருமிக்கொண்டு வந்த யாரோ ஒரு தொழிலாளியின் நெஞ்சுக்கூட்டின் மேலே டாங்கோ ஓடியிருக்கிறது.

விற்பனை தெருமுனையில். கோட்டுக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு ஓடிவந்து ஊசியை வைத்தால் சில சமயம் கொஞ்சம் இசை வரும், அப்புறம் ஒரு ஆள் ரஷ்ய மொழியில் கெட்ட வார்த்தையில் திட்டுவான். "ஜாஸ் கேட்க வந்தியா?" என்கிற தோரணையில். போலிச் சரக்கு. யார்கிட்ட போய்ப் புகார் சொல்ல முடியும்?

அதனால் யாரிடம் வாங்குவது, எந்தப் பாட்டு நல்லா இருக்கு, எந்த நகல் தெளிவா இருக்கு என்பதெல்லாம் நண்பர்கள் வாய் வழியாகத்தான் பரவியது. "இதைக் கேட்டுப் பாரு"னு ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, இவன் காட்டிக் கொடுப்பானா மாட்டானா என்று யோசிக்கணும். பாட்டை நம்பியவர்கள் முதலில் ஆளை நம்ப வேண்டியிருந்தது.

காட்டிக் கொடுக்கவும் செய்தார்கள். 1950-ல் பொகோஸ்லோவ்ஸ்கியும் தைகினும் கைது ஆனார்கள். சிறைத் தண்டனை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்த பிறகு வந்த பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள்.

வந்ததும் பொகோஸ்லோவ்ஸ்கி என்ன செய்தார்? மறுபடியும் மெஷின், மறுபடியும் ஃபிலிம். மறுபடியும் ஜெயில். அதுக்கப்புறமும் அவர் விடவில்லை.

இதெல்லாம் காசுக்காகத்தானே என்று நீங்க கேட்கலாம். காசும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் காசுக்கு மட்டும் என்றால் ஒரு தடவை ஜெயிலோடு புத்தி வந்திருக்கும்.

1955-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவர் ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கினார். சிற்றலையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். 1960-களில் வீட்டு டேப் ரெக்கார்டர் வந்தது. எலும்புத் தட்டின் கதை முடிந்தது. ரசிகர்களின் கதை முடியவில்லை.

விளாதிமிர் விசோத்ஸ்கி என்று ஒரு நாடக நடிகர், கிட்டாரோடு பாடுபவர். அரசு நிறுவனம் அவர் பாட்டுகளில் கொஞ்சத்தைத்தான் தட்டாகப் போட்டது. ஆனால் அவர் பாடுகிற இடத்தில் எல்லாம் ஒருத்தர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். அந்த டேப்பில் இருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல். ஒரே பாட்டுக்குப் பல கச்சேரிப் பதிவுகள் நாடு முழுக்கச் சுற்றின.

1980 ஜூலை 25 அன்று 42 வயதில் அவர் இறந்தார். மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைகள் கிட்டத்தட்ட மௌனம். ஆனால் தகாங்கா நாடக அரங்கத்துக்கு முன்னால் பல்லாயிரம் பேர் வந்து நின்றார்கள். அவ்வளவு பேருக்கும் அவர் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ரேடியோவோ பத்திரிகையோ இல்லை, சக ரசிகர்களின் டேப்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. நாங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது கேட்கிற கேள்வி, இந்த உடம்பில் என்ன கோளாறு என்பது. அவர்கள் அதே ஃபிலிமில் உடம்புக்குத் தேவையான வேறு ஒன்றை எழுதி வைத்தார்கள். எந்த மருந்துச் சீட்டிலும் வராத ஒன்று.

கடைசியா டாக்டரா மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

வீட்டில் இருக்கிற எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமா வெட்டாதீங்க. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது பழசையும் எடுத்துட்டு வாங்க. நுரையீரலில் தெரிகிற ஒரு நிழல் புதுசா பழசா என்று முடிவு செய்ய அதைவிடப் பெரிய உதவி எங்களுக்கு இல்லை.

அந்த ஃபிலிம் வழியா சூரிய கிரகணமும் பார்க்காதீங்க. விழித்திரை கருகினால் திரும்ப வராது.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனைக்கு வாங்க. அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உங்களுக்கு ஒரு பாட்டை முதன்முதலில் அறிமுகப்படுத்திய ஆள் யார், அது என்ன பாட்டு என்று கீழே சொல்லுங்க. டியூட்டி முடிச்சிட்டு வந்து ஒவ்வொண்ணா கேட்கிறேன்.