மலைத்தொடரின் இருமருங்கும்

தமிழகத்தையும் கேரளத்தையும் பிரித்து நிற்கும் மதில் என்றே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மலையின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கோ அது பல வாயில்களையுடைய ஒரு பெரிய வீடாகத் தோன்றும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய். தெற்கே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்னும் மலைவழிகள். இவற்றினூடே பொன்னும் மிளகும், நெல்லும் மாடும், தேயிலையும் ஏலமும், இசையும் மொழியும் நெடுங்காலமாகப் போய்வந்துள்ளன. அவ்வாயில்களின் ஓரத்தில் குடியிருக்கும் தமிழ் மக்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இஃது அயலார் செய்தி அன்று. நீங்கள் ஊரை விட்டு வெளிமாநிலம் சென்றவர்கள். இம்மக்களுள் பலரோ, இருந்த இடத்தில் இருந்தவாறே வெளிமாநிலத்தவர் ஆனவர்கள்.

முதலில் கணவாயைக் காண்போம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அற்றுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே புகுந்து கொங்கு நாட்டின் வெம்மையைத் தணிக்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் இன்று காற்றாலைகள் சுழல்வதும் இக்காற்றினால்தான். இதே வழியில் பாரதப்புழை மேற்கு நோக்கி ஓடிப் பொன்னானியில் கடலை அடைகிறது.

காற்று வந்த வழியே வாணிகமும் வந்தது. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. முசிறியிலிருந்து கொண்டுசெல்லும் சரக்கைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மொழி ஆவணம் ஒன்று இன்றும் வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கணவாயின் கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் மணிகள் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களை அகழாய்வாளர் கண்டனர். கோவை வட்டாரத்தில் உரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கரூரையும் முசிறியையும் ஆண்ட சேரர்க்கு இக்கணவாய் எல்லையாக இருக்கவில்லை. அவர்கள் நாட்டின் நடுவழியாக இருந்தது.

பிற்காலத்தில் இவ்வழியே குடிகள் பெயர்ந்து வந்தனர். தஞ்சை, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த அந்தணர்கள் பாலக்காட்டு ஆற்றங்கரைகளில் அக்கிரகாரங்கள் அமைத்தனர். 1425ஆம் ஆண்டை ஒட்டி எழுந்ததாகக் கூறப்படும் கல்பாத்தி விசுவநாதர் கோயிலில் ஐப்பசி இறுதியில் நடைபெறும் தேர்த்திருவிழா இன்றும் புகழுடன் விளங்குகிறது. தமிழ் பேசும் இராவுத்தர்களும், வணிகரும், உழவரும் இவ்வாறே பாலக்காட்டைத் தம் ஊராக்கிக்கொண்டனர். படைகளும் இவ்வழியையே நாடின. 1766இல் ஐதர் அலி இங்கே எழுப்பிய கோட்டை, 1790இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1800 முதல் மலபார் முழுவதும் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. சித்தூர் மட்டும் கொச்சி அரசின் பகுதியாக நின்றது. 1862இல் போத்தனூரிலிருந்து பட்டாம்பிவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், பழைய வணிகச் சாத்துகளின் வழி புகைவண்டி வழியாயிற்று.

அப்புகைவண்டியே பாலக்காட்டு இளைஞரை வெளியூர்களுக்கும் கொண்டு சென்றது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்றனர். இந்நேயர்களுள் அவர்தம் வழித்தோன்றல்கள் சிலர் இருத்தல் கூடும். பேச்சுக்குப் பேச்சு 'ஆக்கும்' என்று முடிக்கும் பாலக்காட்டுத் தமிழ், மாதுங்காவில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இசையுலகுக்கு அம்மண் செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காடு மணி ஐயரையும் தந்தது. மேலும் ஒன்று கூறவேண்டும். தமிழ்த் திரையிசையைக் கால்நூற்றாண்டுக்கு மேல் தம் கையில் வைத்திருந்த எம். எஸ். விசுவநாதன் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில், 1928இல். அவர் மலையாளக் குடும்பத்தினர். தமிழக முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரனின் குடும்பமும் பாலக்காட்டுப் பக்கத்து வடவன்னூரைச் சேர்ந்ததே. தமிழர் மேற்கே சென்று தந்ததைப் போன்றே, மலையாளிகள் கிழக்கே வந்து தந்ததும் மிகுதி. கொடுக்கல் வாங்கல் ஒருபுறத்ததாக என்றும் இருந்ததில்லை.

இனி இடுக்கி மலைக்குச் செல்வோம். அங்கே வரலாறு வேறு வகையில் நடந்தது. மறையூர்ப் பள்ளத்தாக்கில், 'முனியறை' என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் பல உள்ளன. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களை 'அஞ்சுநாடு' என வழங்குவர். அவ்வூர்க் குடிகள் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. மலைவாழ் முதுவரும் தம் முன்னோர் மதுரையிலிருந்து புறப்பட்டவர் என்றே கூறுகின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி சென்றடைந்த மலை எனக் குமுளிக்கு மேலுள்ள மங்கலதேவிக் குன்றைக் கருதி, சித்திரைப் பௌர்ணமியன்று இருமாநில மக்களும் ஏறிச் சென்று வழிபடுகின்றனர்.

இம்மலைகளில் ஆங்கிலத் தோட்டக்காரர் கால் வைத்தது 1877இல். ஜான் டேனியல் மன்றோ என்பவர் அவ்வாண்டில் பூஞ்சாற்றுத் தலைவரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1880இல் முதல் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. காட்டை வெட்டித் திருத்தவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்த ஏழை மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்த்த முறை இதுவே. அங்கே கடல் கடந்தனர். இங்கே மலை ஏறினர்.

அக்காலத்தில் மூணாற்றின் முகம் கிழக்கு நோக்கியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை வழியே மலையுச்சி நிலையத்தை அடைந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிநாயக்கனூருக்குச் சென்றன. அரிசியும் உப்பும் துணியும் அதே வழியில் மேலேறின. 1924ஆம் ஆண்டு, மலையாள ஆண்டு 1099இல், பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவே இல்லை. மேற்கே ஆலுவாவுக்குப் புதிய சாலை அமைந்தது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டபின், கொச்சித் துறைமுகம் மூணாற்றுக்கு அண்மையதாயிற்று. பொருள்களின் போக்கு திரும்பியபோது மலையின் முகமும் மேற்கே திரும்பியது. ஆயின் கொழுந்து பறித்தவர் பேச்சு மட்டும் தமிழாகவே நின்றது.

நீரின் கதையும் இதனோடு பிணைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்துக்குப் பின், மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்பும் திட்டம் விரைவு பெற்றது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் காட்டுவெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895இல் நிறைவெய்தியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீர் வையையைச் சேர்ந்து, மதுரை, இராமநாதபுரச் சீமைகளின் வயல்களை விளைவித்தது. தேனிப் பக்கத்து இல்லங்களில் அவ்வெள்ளைக்காரர் படம் சாமிப் படங்களோடு மாட்டப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

வடக்கே இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. கேரள எல்லைக்குள் உள்ள பரம்பிக்குளம் அணையின் நீர், தமிழகத்தின் கொங்குச் சமவெளிக்கு வருகிறது. அதற்கு ஈடாக, 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் கோடிக் கனஅடி என்று தவறாகக் கணக்கிடாமல், 725 கோடிக் கனஅடி நீர் சித்தூருக்குச் செல்லவேண்டும். சித்தூரின் கிழக்குப் பகுதியான கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்கள் மழை குறைந்த கரிசல் நிலத்தன. அங்கே உழுபவருள் தமிழர் பலர். ஆகவே, ஆழியாற்று நீர் குறையுந்தோறும் கேரளத்தின் பெயரால் முறையிடுவோர் தமிழ் உழவர். கொடாது நிறுத்துவது தமிழக அரசு. 'நம்மவர்', 'அயலார்' என்னும் சொற்கள் இவ்விடத்தில் பொருள் தடுமாறுவதை நேயர்கள் காணலாம்.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. அதற்கு முன்னரே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் போராடினர். 1954 ஆகஸ்டு 11இல் தெற்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையர் என்பதை மாநிலச் சீரமைப்புக் குழு மறுக்கவில்லை. அவருள் பெரும்பாலார் தோட்ட வேலைக்கு வந்துபோவோர் என்பதும், அம்மலைகளின் நீரும் பொருள்வளமும் கேரளத்துக்கு இன்றியமையாதன என்பதும் குழுவின் கருத்தாக இருந்தன. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னைக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. 1972 சனவரி 26இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று.

மூன்று தலைமுறை ஒரே மலையில் வேலை செய்து, அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தவர்களை 'வந்துபோவோர்' எனல் பொருந்துமா என்னும் வினா எழுகிறது. இலங்கையில் இவ்வினாவுக்கு 1948இல் கிடைத்த விடை, தோட்டத் தமிழரின் குடியுரிமையையே பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இடுக்கியில் அந்நிலை நேரவில்லை. ஒரே நாட்டின் குடிகள் ஆதலால், வாக்குரிமையும் சட்டத்தின் காப்பும் அவர்களுக்கு உண்டு. 2021இல் தேவிகுளம் தொகுதி உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழிலேயே உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆயினும் வாக்குரிமையால் வீடு கிடைத்துவிடவில்லை. தோட்டத்தில் வேலை உள்ளவரை லயத்து அறை. வேலை நீங்கினால் அறையும் நீங்கும். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்து, 20 விழுக்காடு போனசு கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று தம் கூட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் இருமொழிக்கும் உரியது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். சொந்த நிலத்தில் சொந்த வீடு என்பது அம்மக்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்விரவு நாட்டுக்கு உணர்த்தியது.

ஏலமலைகளின் நிலை இன்னொரு வகை. ஏலம் விளைவது இடுக்கியில். அதைப் பறிக்கும் பெண்களுள் பலர் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் மலையேறிச் செல்வோர். ஏல விற்பனை நடப்பது இடுக்கியின் புற்றடியிலும் தமிழகத்தின் போடிநாயக்கனூரிலும். உலகச் சந்தையில் இவ்விரு ஊர்க்கும் போட்டி, நடு அமெரிக்காவின் குவாத்தமாலா. இங்கே ஒருவர் இன்றி மற்றவர் இல்லை. இருந்தும் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை வழக்கு கொதித்தெழுந்தபோது, மலைவழிகள் அடைபட்டன. கூலிப் பெண்கள் அஞ்சி இறங்கினர். இருபுறமும் வாணிகம் நின்றது. அணையைப் பற்றிய வாதம் தலைநகரங்களில் நடந்தது. அதன் சுமை எல்லையோரத்து எளியவர் தோளில் விழுந்தது.

எஞ்சுவது மொழி. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசோடு தத்தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. மூணாற்றிலும் சித்தூரிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. சட்டம் வாயிலைத் திறந்து வைக்கலாம்; பிள்ளையை அவ்வாயிலுக்கு அழைத்துச் செல்லவேண்டியவர் பெற்றோரே. அரசு வேலைக்கு மலையாளம் வேண்டும், மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்னும் கவலையில், தமிழை வீட்டுப்பேச்சோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் மலையிலும் உண்டு. உங்கள் நகரங்களிலும் உண்டு.

வந்த மண்ணின் மொழியை மதித்துக் கற்பதும், தன் மொழியைப் பிள்ளைக்கு எழுத்தோடு கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பாலக்காட்டார் நூற்றாண்டுகளாக இரண்டையும் செய்து வந்துள்ளனர். இருமொழியும் அதனால் வளம் பெற்றனவே தவிர, குன்றவில்லை. குமுளிச் சந்தையில் ஒரே வணிகர் ஒருவர்க்குத் தமிழிலும் அடுத்தவர்க்கு மலையாளத்திலும் விலை சொல்வதை இன்றும் கேட்கலாம். மலைவாயில்கள் திறந்திருக்கும் வரை அவ்வழக்கம் நிலைக்கும்.