சாய்ந்த அம்பு

1968-இல் எங்கல்பார்ட் மவுஸைக் காட்டியபோது திரையில் அம்பு நிமிர்ந்துதான் நின்றது. சாய்த்தது ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். 1973-இல் அவர்களுடைய ஆல்டோ கணினியில் அம்புக்கு ஒதுக்கியது பதினாறுக்குப் பதினாறு புள்ளி. அந்தச் சின்னக் கட்டத்தில் சாய்கோடுதான் பளிச்சென்று தெரிந்தது. அந்த 256 புள்ளிகளையும் எந்த நிரலும் மாற்றி எழுதலாம். அதாவது, உருவம் நிரல் எழுதுபவர் கையில். பயனருக்கு உரிமை வர இன்னும் காலமானது. விண்டோஸ் 95 வந்தபோது கடைக்காரப் பையன்கூட அம்பை மாற்றிப் பார்த்தான்.

அந்த ஆசையைத்தான் காமெட் கர்சர் பிடித்துக்கொண்டது. இலவச மென்பொருள், தளத்துக்குத் தக்கபடி அம்பு கார்ட்டூனாக மாறும். சும்மா கொடுப்பார்களா? கணினிக்கு ஒரு எண்ணைக் கொடுத்து, தன்னோடு சேர்ந்த தளங்களில் அது எங்கெல்லாம் போகிறது என்று குறித்துக்கொண்டது. 1999-இல் விஷயம் செய்தியானது. அதற்குள் பொம்மை அம்பு எத்தனையோ கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது.