செயலியின் வேக எல்லையை வகுப்பவர் யார்? ஓவர்கிளாக்கிங் வரலாறும் காரைக்குடிக்கான பாடமும்

முன்னுரை

ஒரே சிலிக்கான் வட்டில் உருவாகும் செயலிகள் எல்லாம் ஒரே திறனுடன் அமைவதில்லை. ஆலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, பாதகமான சூழலிலும் பிழையின்றி ஓடும் வேகத்தையே அதற்குரியதாகக் குறிக்கிறார்கள். குறித்த வேகத்துக்கும் சில்லு உண்மையில் எட்டக்கூடிய வேகத்துக்கும் நடுவே ஓர் உபரி எஞ்சுகிறது. மதர்போர்டு அமைப்புகளை மாற்றிப் பயனர் அந்த உபரியை எடுத்துக்கொள்வதே ஓவர்கிளாக்கிங். நாற்பது ஆண்டுகளில் இந்த உபரி பயனர் கையிலிருந்து ஆலையின் கைக்கு எவ்வாறு சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்வேதியியல் ஆய்வும் கடுங்கோடையும் ஒருங்கே வாய்த்த காரைக்குடிக்கு அதில் என்ன பாடம் உண்டு என்பதையும் காண்கிறது.

படிகத்தில் தொடங்கிய முயற்சி

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. மதர்போர்டிலிருந்த 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை மூன்றால் வகுத்துப் பெற்ற வேகம் அது. 1984இல் வந்த பிசி ஏடியில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. செயலி அதில் பாதியான 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பயனர்கள் அந்தப் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். வேகம் 8 ஆயிற்று. வேகம் கூடியிருந்தால் கணினி தொடங்காதபடி ஐபிஎம் தன் ரோம் நிரலை மாற்றியது. 1986இல் அந்நிறுவனமே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்றது. பயனர் கண்டெடுத்த உபரியை முதலில் தடுப்பது, பின்பு தானே விற்பது என்ற போக்கு இங்கேயே தொடங்கிவிட்டது.

ஜம்பரும் பயாஸும்

1992இல் வந்த 486 டிஎக்ஸ்2 செயலி, மதர்போர்டு தரும் 33 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளுக்குள் இரட்டித்து 66இல் இயங்கியது. அதன்பின் வேகம் என்பது அடிப்படைத் துடிப்பையும் பெருக்கெண்ணையும் பெருக்கிய தொகையானது. பெண்டியம் காலத்து மதர்போர்டுகளில் இவ்விரண்டையும் ஜம்பர்களால் மாற்ற முடிந்தது. ஆனால் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 83க்கு உயர்த்தினால், அதில் பாதியில் இயங்கும் பிசிஐ தடமும் 33இலிருந்து 41க்கு மேல் ஏறியது. வன்வட்டிலுள்ள தரவுகள் சிதையும் ஆபத்தும் கூடவே வந்தது.

தைவானின் அபிட் நிறுவனம் ஜம்பர்களுக்குப் பதிலாக பயாஸ் திரையிலேயே துடிப்பையும் மின்னழுத்தத்தையும் மாற்றும் வசதியைத் தந்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ இதன் பயனை உலகுக்குக் காட்டியது. அதன் பெருக்கெண் 4.5. துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்றியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450ஐ எட்டியது. அதே மாதம் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் 2இன் விலையில் நான்கில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை.

மலிவான சில்லுகளின் மேல் உயர்ந்த வேகத்தைப் பொறித்து விற்ற மோசடியாளர்களும் இதே காலத்தில் பெருகினார்கள். இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டியது. ஏஎம்டியும் பூட்டியது; ஆனால் 2000ஆம் ஆண்டின் அத்லான் சில்லுகளில் மேற்பரப்பிலிருந்த சிறு இணைப்புகளைப் பென்சில் கரியால் இணைத்தே பயனர்கள் அப்பூட்டைத் திறந்தார்கள்.

உபரி விலைப்பொருளானது

2008இல் இன்டெல் அறிமுகப்படுத்திய டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்சாரமும் இடம்தரும்போது செயலியே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வழிசெய்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் அடிப்படைத் துடிப்பு பிற தடங்களோடு இறுகப் பிணைக்கப்பட்டதால் அதைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வழியில்லை. கூடுதல் விலையுள்ள ‘கே’ வகைகளுக்கு மட்டும் பெருக்கெண் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது.

செம்பும் வெப்பமும்

செயலி செலவிடும் மின்திறன், துடிப்புக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. 4 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்க மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு உயர்த்தினால், வேகம் 15 விழுக்காடு கூடும். மின்திறனோ ஏறத்தாழ 45 விழுக்காடு கூடிவிடும்.

மிகுந்த மின்னோட்டம் கம்பித்தடத்தின் உலோக அணுக்களையே மெல்ல நகர்த்தி, காலப்போக்கில் தடத்தை அறுத்துவிடும். மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் இதன் ஆயுளை எவ்வாறு குறைக்கின்றன என்பதை 1969இல் ஜேம்ஸ் பிளாக் சமன்பாடாக வகுத்தார். அலுமினியத்தைவிடச் செம்பு இதை நன்கு தாங்கும். 1997இல் ஐபிஎம் அறிவித்த செம்புத் தடங்கள் மின்முலாம் முறையில் படியவைக்கப்படுபவை.

அம்முறை மின்வேதியியலின் கொடை. அத்துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தாலும் 15 லட்சம் ரூபாயாலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மின்முலாமும் உலோக அரிப்பும் அதன் முதன்மை ஆய்வுப் பொருள்கள். செயலியின் செம்புத் தடங்களைப் படியவைக்கும் முறையும் அவற்றுள் ஒன்றே.

காரைக்குடியின் கோடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றால் குளிரும் செயலி அறை வெப்பத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று கொள்வோம். 20 டிகிரி அறையில் அது 80இல் நிற்கும். சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் 98ஐத் தொடும். பல செயலிகள் 100 டிகிரியை ஒட்டித் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் ஒருவர் வெற்றி கண்ட அமைப்பு, செட்டிநாட்டில் வேக இழப்பாகவே முடியலாம்.

முடிவுரை

உபரி முழுவதும் ஆலையின் கைக்குப் போனதன் விளைவை 2024 காட்டியது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. மதர்போர்டுகள் பல, இன்டெல் பரிந்துரைத்த மின்திறன் வரம்பைக் கடந்த அமைப்புகளோடே விற்பனைக்கு வந்திருந்ததும் வெளிப்பட்டது. நிறுவனம் திருத்த நிரலை வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது.

ஆகவே, இன்றைய செயலியில் பயனர் தேடியெடுக்க வேண்டிய வேகம் மிகச் சிறிதே. பயாஸை முதலில் புதுப்பித்து, செயலி நிறுவனத்தின் மின்திறன் வரம்பை அமைத்து, மின்னழுத்தத்தைச் சிறுசிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நெடுநேரச் சோதனை செய்வதே நம் வெப்பச் சூழலுக்கு ஏற்ற வழி. காரைக்குடியின் பொறியியல் மாணவர்கள் இச்சோதனைகளைக் கோடையிலும் மார்கழியிலும் செய்து பதிவுசெய்ய வேண்டும். நம் அறை வெப்பத்தில் எடுத்த அளவீடுகளே நமக்கு உதவும்.