நாஸ்கா கலங்களின் பறவைகள்

பெருவின் தென்கடற்கரையில் மழை பெய்வது மிக அரிது. ஆண்டில் சில மாதங்களே ஆண்டிஸ் மலையிலிருந்து ஆறுகள் இறங்கிவரும். அவற்றிலும் சில நடுவழியில் மணலுக்குள் மறைந்துவிடும். கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்த நாஸ்கா குயவர்கள், சக்கரமின்றிக் கையால் வனைந்த கலங்களில் பறவைகளைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்கள். முன்னோரான பராகாஸ் மக்கள் கலத்தைச் சுட்ட பிறகே பிசின் வண்ணம் பூசினர். நாஸ்கா குயவர் வண்ண மண்குழம்பைச் சுடுவதற்கு முன்பே தீட்டியதால் நிறம் கலத்தோடு ஒன்றிவிட்டது; பத்துக்கும் மேற்பட்ட சாயல்கள் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன. இவ்வளவு பாடு எந்தப் பறவைகளுக்காக? பூவில் அலகை நுழைக்கும் ரீங்காரச் சிட்டு, வானில் பூச்சி பிடிக்கும் உழவாரன், மீன் கவ்விய நீர்ப்பறவை. ஆற்றில் நீர் வந்தால்தான் பூ உண்டு, பூச்சி உண்டு. இவை அழகுக்கு வரைந்தவை மட்டுமல்ல, நீரை வேண்டிய உழவர்களின் வழிபாடும்கூட என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே கலங்களில் கான்டோர் கழுகும் பருந்தும் மனிதனும் கலந்த கோரப் பறவை ஒன்று, வெட்டுண்ட தலைகளைத் தின்கிறது. இது போரும் சாவும்தானே, உழவு எங்கே வந்தது? பதில் பக்கத்துக் கலங்களிலேயே இருக்கிறது: வெட்டுண்ட தலைகளின் வாயிலிருந்து செடிகள் முளைப்பதாகவும் அதே குயவர்கள் வரைந்திருக்கிறார்கள். அகழாய்வில் கிடைத்த உண்மையான தலைகளின் உதடுகள் முள்ளால் தைக்கப்பட்டிருக்கின்றன. நெற்றியில் கயிறு கோக்கத் துளை இருக்கிறது. தோற்ற எதிரியின் தலையை இவ்வளவு பக்குவமாகப் பேண வேண்டியதில்லை. ஐசோடோப் ஆய்வுக்கு உட்பட்டவையும் உள்ளூராருடைய தலைகள் என்றே தெரியவந்தது. கொடுத்த உயிருக்கு விளைச்சல் ஈடு என்று அவர்கள் நம்பியிருந்தால், பிணந்தின்னியும் தேன்குடிக்கும் சிட்டும் ஒரே வேண்டுதலின் இரு முகங்களாகின்றன.

கண்ணில் பட்டதை வரைந்தார்கள், அவ்வளவுதான் என்போரும் உண்டு. பல கலங்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் இதே மக்கள் பாலைநிலத்தில் 90 மீட்டருக்கும் மேல் நீளமாகக் கீறிய ரீங்காரச் சிட்டை 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அலகு, வால் அளவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். அது அந்தக் கடற்கரைக்கு உரியதல்ல, காட்டுப் பகுதியில் வாழும் இனம் என்பது அவர்கள் முடிவு. அத்தகைய காடுகள் ஆண்டிஸுக்கு அப்பால் அமேசான் பக்கம் இருக்கின்றன. நாஸ்கா ஆறுகளை நிறைக்கும் மலைமழைக்கான ஈரக்காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது.