டூயல் பூட்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இரண்டு இயங்குதளங்களை நிறுவி, இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றதற்குப் போக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

தமிழக மாணவர்கள் பலருக்கு இது பழகிய விஷயம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காக தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிய கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்பதே வழக்கமான நிறுவல் வரிசை. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் கொண்ட கணினிகளில் இரண்டின் துவக்கக் கோப்புகளும் இஎஃப்ஐ என்ற சிறு பகிர்வில் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் கிரப் என்ற துவக்கி நிரலின் பட்டியல் வரும்; அம்புக்குறி விசையால் நகர்ந்து என்டர் தட்டினால் போதும்.

கடிகாரக் குழப்பம் பலரும் சந்திப்பது. கணினியின் உள் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகக் கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். இந்தியாவில் காலை 10 மணிக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் 4:30 என்று காட்டும். இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைக்காவிட்டால் அதன் பகிர்வு உறக்கநிலையில் கிடக்கும். லினக்ஸால் அதைப் படிக்க முடிந்தாலும் எழுத முடியாமல் போகலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு இயங்கிய சில கணினிகளில் லினக்ஸைத் துவங்கவே விடவில்லை.

ரீஸ்டார்ட் செய்ய விரும்பாதோர் விர்ச்சுவல் மெஷினையோ, 2016இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வசதியையோ பயன்படுத்துகிறார்கள்.